அழித்துப் பதிந்த அழுகை

எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சுன்னாகத்தில் ஒரு வீடியோப் படத்தில் நடித்தேன். நான் நடிகையல்ல, பள்ளிக்கூட ரீச்சர். தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து அம்மாவுடன் ஒரு அறையில் இருந்தேன். பள்ளி நாடகத்தில் என்னைப் பார்த்த நெறியாளர் வீடு தேடி வந்தார். செல் குண்டு விழுந்து தங்கையைப் பறிகொடுத்த அக்காவாக நடிக்க வேண்டுமாம். என் தங்கையும் அப்படித்தான் போனவள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

படப்பிடிப்பன்று நடிப்பைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. எடுப்பதைப் பார்க்க எந்த ரீவியை வைப்பது என்பதே வாக்குவாதம். கமராக்காரர் கார் பற்றரியில் ஓடும் சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டியொன்றைக் கொண்டுவந்திருந்தார்.

"கலர்ப் படம் எடுக்கிறம். உதிலை என்னத்தைப் பாக்கிறது?" என்றார் நெறியாளர்.

யாரோ வீட்டுப் பெரிய கலர் ரீவி வண்டிலில் வந்தது. மின்சாரம் இல்லாத ஊரில் அதற்கென்றே ஒரு ஜெனரேற்றரும் வந்தது. இரைச்சல் கேட்காதிருக்க அதைப் பின்வளவில் வைத்து வயர் இழுத்தார்கள். அதுவரை நான் பவுடர் பூசிய முகத்தோடு வெயிலில் நின்றேன்.

காட்சி தொடங்கியது. வெள்ளைத் துணி போர்த்திய பாயருகே இருந்தேன். தங்கையின் செத்தவீட்டில் நான் அழவில்லை. அம்மாவைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அன்று அந்தத் துணியைத் தொட்டதும் உடைந்துபோனேன். எழுதித் தந்த வசனம் வரவில்லை. தங்கையின் பேரைச் சொல்லிக் கத்தினேன்.

நிமிர்ந்தால், நெறியாளர் எனக்கு முதுகைக் காட்டியபடி ரீவியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"முகம் பச்சையாக் கிடக்குது. வெளிச்சத்திலைதான் பிழை. இன்னொருக்கா அழுங்கோ ரீச்சர்."

வீடியோக் கசெற் தட்டுப்பாடான காலம். பின்னுக்குச் சுற்றி, அழுததன் மேலேயே பதிந்தார்கள். யன்னலைத் திறந்தார்கள், பூட்டினார்கள். மூன்றாம் முறையும் பச்சைதான். அப்போதுதான் கமராக்காரர் ரீவியின் நிறக் குமிழைத் திருகிப் பார்த்தார். முகம் சரியாக வந்தது.

"அப்ப நான் முதல் அழுததிலை ஒரு பிழையும் இல்லையோ?"

"இல்லை. ஆனா அது அழிஞ்சுபோச்சு" என்றார் அவர் மெல்ல.

நெறியாளர் சிரித்தார். "அதுக்கென்ன, நல்லாத்தானே அழுறியள். இன்னும் ஒருக்கா."

எழுந்து போய் ரீவியின் வயரைப் பிடுங்கி எறிந்தேன்.

"அண்ணை, அது நடிப்பில்லை. என்ரை தங்கச்சிக்கு நான் அழுதது. உந்தப் பெட்டியை நம்பி அதை அழிச்சுப்போட்டியள். ஒருக்காலாவது திரும்பி என்ரை முகத்தைப் பாத்தனீங்களோ?"

பவுடரைக்கூடத் துடைக்காமல் றோட்டால் நடந்து வீட்டுக்கு வந்தேன்.

சில நாள் கழித்து நெறியாளர் வந்து வாசலில் நின்றார். "கோவிக்காதேங்கோ ரீச்சர், மிச்சத்தை முடிச்சுத் தாங்கோ" என்றார். அப்போதும் படத்தைப் பற்றித்தான் கதைத்தார். கதவைச் சாத்தினேன். வேறொரு பெண்ணை முதுகுப் பக்கமாகக் காட்டிப் படத்தை முடித்தார்கள். ஊரூராகப் போட்டார்கள். நான் பார்க்கப் போகவில்லை.