காதுக்காரரின் கை

என் வீட்டுக்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காதுக்காரர் என்றுதான் சொல்வார்கள். பைக் மெக்கானிக். ஓடுகிற இன்ஜின் மேல் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று பட்டென்று சொல்லிவிடுவார். நான் பேசுவது மட்டும் அந்தக் காதில் ஏறாது. கல்யாணமாகி ஒன்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அந்த ஒன்பதாவது வருடத்தில்தான் எங்களுக்கு மகள் பிறந்தாள். அக்கம்பக்கத்தில் கை மாற்றி மாற்றித் தூக்கிய குழந்தையை இவர் மட்டும் தூக்கவில்லை. தொட்டிலுக்கு இரண்டடி தள்ளி, விலை கேட்கப் பயப்படுகிற ஆள் மாதிரி நின்று பார்ப்பார். நாலு மாதம் அப்படியே நின்றார்.

காரணம் அவருடைய கைகள். நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருக்கும்போது அவருக்கு விரலிடுக்கில் அரிப்பு ஆரம்பித்தது. பிறகு தோல் சிவந்து, வெடித்து, பாளம் பாளமாக உரிந்தது. ஸ்பானரை இறுக்கிப் பிடித்தால் ரத்தம் கசியும்.

"தொத்து வியாதியா இருந்தா பாப்பாவுக்கு வந்துரும்மா. ஒன்பது வருஷம் கழிச்சு வந்திருக்கா" என்பார்.

டாக்டரிடம் போகலாம் என்றால், "நானே கண்டுபிடிச்சிடுறேன் இரு" என்பார். கோளாறு என்று வந்துவிட்டால் அவருக்கு ஒரே வழிதான் தெரியும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது.

ஆரம்பித்தார், சாப்பாட்டிலிருந்து. தன் பைக்கை ரிப்பேருக்கு விட வந்த டாக்சிக்காரர், முட்டைதான் உடம்புக்குச் சூடு என்றார். முட்டை போயிற்று. பேக்கரிக்காரர் மீன் மேல் பழியைப் போட்டார். மீனும் போயிற்று. (கோதுமையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை, கவனியுங்கள்.) கோதுமையை என் அண்ணி வந்து நிறுத்தினாள். பால், தக்காளி, கத்திரிக்காய், கடலை என்று யார் எதைச் சொன்னாலும் அது மறுநாள் எங்கள் வீட்டில் இருக்காது. கடைசியில் சோறும் வேகவைத்த பூசணிக்காயும்தான். பசித்தால் பால் விடாத கட்டன் டீ, அது போதாவிட்டால் சிகரெட். அந்த இரண்டையும் நிறுத்தச் சொல்லத்தான் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தூக்கமும் சரியாக இல்லை. பெல்ட்டில் ஆணியடித்து இரண்டு புது ஓட்டை போட்டுக்கொண்டார். கை ஆறவில்லை, ஆள்தான் கரைந்தார்.

பிள்ளை பெற்ற உடம்போடு நான் அவருக்குத் தனிச் சமையல் செய்தேன். அதுகூடப் பரவாயில்லை. பெற்ற மகளை அந்நியன் மாதிரி எட்டி நின்று பார்க்கிறாரே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக ஷெட்டுக்குப் போனேன்.

"கடையைச் சாத்துங்க. இப்போ டாக்டர்கிட்ட வரலைன்னா நாங்க ரெண்டு பேரும் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறோம். அங்கயாவது இவளைத் தூக்க ஆள் இருக்கு."

அது காதில் ஏறியது.

தோல் டாக்டர் ஒரு பெண். எங்களைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். கையுறைகூடப் போடாமல் இவர் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். இவர் வெடுக்கென்று இழுக்கப் பார்த்தார்.

"ஒட்டிக்கும் மேடம்."

"ஒட்டாது. இது எக்ஸிமா. கரப்பான்னு சொல்வாங்களே, அதுல ஒரு வகை. தொட்டா யாருக்கும் வராது. கையை எதுல கழுவுறீங்க?"

"பெட்ரோல்ல. அப்புறம் சோப்புத்தூள்."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"முன்னெல்லாம் சாயங்காலம் ஒரு தடவை. இப்போ ஒரு ஏழெட்டு தடவை."

"இப்போ ஏன் இவ்வளவு?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். "கையில என்ன இருக்கோ, அது வீட்டுக்குள்ள வந்துடக் கூடாதுல்ல மேடம். பாப்பா இருக்கா."

டாக்டர் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். வெடித்த தோலில் பெட்ரோலை ஊற்றினால் எப்படி எரியும்! இந்த மனிதர் ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை, மகளுக்காக அதைச் செய்திருக்கிறார். செய்யச் செய்யப் புண் பெரிதாகியிருக்கிறது. நான் அவரைக் கல்நெஞ்சு என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

டாக்டர் விடவில்லை. சாப்பாட்டுக் கதையையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வண்டியில சத்தம் வந்தா ஒரு பார்ட்டைக் கழட்டிப் பார்ப்பீங்க. அதுல குத்தம் இல்லேன்னா?"

"திரும்ப மாட்டிடுவேன்."

"சாப்பாட்டுல மட்டும் ஏன் மாட்டலை?"

காதுக்காரர் பெல்ட்டில் போட்ட புது ஓட்டையைத் தடவிப் பார்த்தார்.

"சில பேருக்குச் சில சாப்பாடு ஒத்துக்காது, நிஜம்தான். ஆனா நீங்க இத்தனையை நிறுத்தியும் குறையலையே. உங்களுக்குப் பெட்ரோலும் சோப்புத்தூளும்தான் வினை. வெறும் வயிறு, சிகரெட், தூக்கம் இல்லாதது எல்லாம் சேர்ந்து ஆறவிடாம வச்சிருக்கு. நல்லாச் சாப்பிடுங்க. ஒவ்வொண்ணா திரும்பச் சேருங்க. எதாவது சேரலைன்னா உங்களுக்கே தெரியும்."

களிம்பு எழுதிக்கொடுத்தார். கிரீஸைச் சமையல் எண்ணெய் தொட்டுத் துடைக்கச் சொன்னார். வேலை செய்யும்போது பருத்திக் கையுறை, அதன் மேல் ரப்பர் கையுறை. ஆற இரண்டு மாதமாவது ஆகும் என்றார்.

வெளியே நோயாளிகள் உட்காரும் நீள வராந்தா. இவர் நடக்காமல் நின்றுவிட்டார்.

"இப்பவே தூக்கலாமா?"

நான் குழந்தையை அவர் கையில் வைத்தேன். இன்ஜினை ஒற்றை ஆளாக இறக்குகிறவர், அவளைக் கண்ணாடிச் சாமான் மாதிரி ஏந்திக்கொண்டார். அவள் அந்த முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி வீறிட்டாள். நாலு மாதக் குழந்தைக்கு யார் மடி பழக்கமோ அவர்கள்தான் சொந்தம். இவர் அவளுக்கு யாரோ.

"உன்கிட்ட வரணும்ங்கிறா" என்று அவசரமாக என்னிடம் நீட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"வாங்க மாட்டேன். அழட்டும். நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்காராவிட்டால் நானும் அழுதிருப்பேன்.

அவர் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வராந்தாவின் அந்தக் கோடிவரை நடந்தார். திரும்பி வந்தார். மறுபடி நடந்தார். மூன்றாவது தடவை என்னைக் கடந்து போகும்போது அவர் அவளிடம் பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

"அழாதம்மா. நான் உன் அப்பாதான். வர்றதுக்குக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு."