ஓடும் பல்லக்குக்கு ஒரு வாய் டோஃபு

தியன்சாயின் கைக்கு நாற்பது வருஷப் பழக்கம். அந்தப் பழக்கம்தான் அன்றைக்குக் காலை ஏழு மணிக்கு அவருடைய மானத்தை வாங்கிவிட்டது.

நான்கியோ சந்தைத் தெருவில் அவருக்குப் பன்றிக்கறிச் சோற்றுக் கடை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பின்னால் மாமனார் ஆனவரின் அடுப்படிக்கு வந்தவர், அந்த அடுப்பிலேயே ஐம்பத்திரண்டு வயதுக்கும் வந்துவிட்டார். சட்டி இறங்கும்போது சின்ன வெங்காயம் பொரித்த எண்ணெய் ஒரு கரண்டி மேலே விடுவார். தெருமுனை வரைக்கும் வாசம் போகும். பேசிக்கொண்டிருந்தாலும் சரி, யாரையாவது திட்டிக்கொண்டிருந்தாலும் சரி, கை தானாகப் போய் அந்தக் கரண்டியை எடுத்துவிடும்.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் அந்தக் கடையில் கறி அடுப்பேறாது. கடலைக் காக்கும் தெய்வம் கடலம்மாவின் பல்லக்கு ஊரைக் கடக்கிற நாள் அது. பல்லக்குத் தூக்குகிறவர்கள் எட்டு நாள் நடைக்கும் விரதம். கறி, மீனோடு நின்றுவிடாது அந்த விரதம். வெங்காயம், பூண்டு வாடைகூட ஆகாது. அதனால் அன்றைக்குச் சோயாப் பாலைத் திரித்துக் கட்டியாக்கின டோஃபு மட்டும். அதற்கென்றே தனியாக ஒரு பெரிய சட்டி, மற்ற நாளெல்லாம் பழைய போர்வையில் சுற்றி மாடியில் இருக்கும்.

தியன்சாயும் பதினொரு வருஷம் அந்தப் பல்லக்குக்குத் தோள் கொடுத்தவர்தான். ஆறாவது வருஷம், நடையின் ஐந்தாம் நாள், முழங்கால் இரண்டும் மடங்கி நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார். வழியெல்லாம் ஜனங்கள் அன்போடு கொடுத்தது சேமியா, முட்டைக்கோஸ், இனிப்பு ரொட்டி. வயிறு நிறைந்தது, தொடையில் பலம் இல்லை. மறுநாள் ஒரு லாரிக்காரர் மனைவி தட்டில் கனம்கனமாக டோஃபு வைத்தாள். ஏழு துண்டு தின்றார். பொழுது சாயும் வரை நடந்தார். கறி இல்லாத வயிற்றுக்குச் சத்து எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வண்டி இடித்து இடுப்பில் கம்பி வைத்தார்கள். தோள் கொடுக்கக் கூடாது என்றார் டாக்டர். அந்த வருஷம் பல்லக்கு வந்தபோது கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளேயே இருந்தார். பிறகுதான் இந்த டோஃபு யோசனை. தன்னால் தூக்க முடியாது. தூக்குகிறவன் உடம்பில் தன் சோறு போனால் தானும் தூக்கின மாதிரி.

ஆனால் பல்லக்கு சொன்னபடி கேட்காது. அதற்குப் பாதை கிடையாது. எந்தத் தெருவில் போகும், எங்கே நிற்கும் என்று தூக்குகிறவனுக்கே தெரியாது. அம்மா எந்தப் பக்கம் இழுக்கிறாளோ அந்தப் பக்கம். முதல் வருஷம் வேறு தெருவில் போய்விட்டது. அடுத்த வருஷம் கடை வாசலிலேயே வந்தது, நிற்காமல் போய்விட்டது. அவருடைய பழைய கூட்டாளி, தூக்குகிறவர்களின் தலைவன் லாய்ஹோக், போகிற போக்கில் கிண்டலும் அடித்தான்.

"டோஃபுவாடா? அதத் தின்னுட்டுத் தூக்குனா, அம்மாதான் எங்களத் தூக்கிட்டுப் போகணும்."

ஆக இது மூன்றாவது வருஷம். நானூறு துண்டு டோஃபு பொரித்து, இஞ்சி, காளான், அன்னாசிப்பூ, சோயா சாஸ் எல்லாம் போட்டுக் குழம்பு கொதிக்கிறது. பல்லக்கு ஒன்பது மணிக்குள் ஊருக்குள் வந்துவிடும் என்று, அது இருக்கிற இடத்தைச் செல்போனில் பார்த்துச் சொன்னாள் மனைவி பிக்ஹா. அதைக் கேட்டுக்கொண்டே சட்டியை இறக்கினார் தியன்சாய். கை போனது. கரண்டி வந்தது. மாடத்தில் இருந்த நேற்றைய எண்ணெய், சின்ன வெங்காயத்தோடு, சட்டி முழுக்கப் பரவியது.

இரண்டு பேரும் சட்டியையே பார்த்தார்கள்.

"ஒரு கரண்டிதானுங்களே," என்றாள் பிக்ஹா மெதுவாக. "மேலாப்பல எடுத்துட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே."

"நானூறு துண்டுங்க."

"நாலாயிரமா இருந்தாலும் இதக் குடுக்க மாட்டேன். காய்கறிக்காரங்கள வரச் சொல்லு. அவங்களுக்கு விரதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நல்லாத் தின்னட்டும்."

சொல்லிவிட்டு ஒரு பையில் சாமானை அள்ளிப் போட்டுக்கொண்டு, கம்பி வைத்த இடுப்போடு ஸ்கூட்டரில் ஏறினார். நேராக ஆற்றோரம், டோஃபு போடுகிற சிங்போக் வீட்டுக்கு.

சிங்போக் அப்போதுதான் பலகையெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தான். "எல்லாம் வித்துப் போச்சேண்ணே. இன்னிக்குப் பல்லக்கு நாளு. ஊரே டோஃபு வாங்குது. உனக்கே நானூறு குடுத்தேன். அதெங்க?"

"செத்துப் போச்சு. வேற என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. குளுருக்குச் சூப்பில போடறதுக்குன்னு உறைய வச்சது கிடக்கு. அத யாரு இந்த வெயில்ல..."

தியன்சாய் அதற்குள் உறைபெட்டியைத் திறந்துவிட்டார். மஞ்சள் பூத்து, செங்கல் மாதிரி அடுக்கி இருந்தது. ஒன்றை எடுத்துத் தட்டினார். கல்லில் தட்டின சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவருக்கு வழி தெரிந்துவிட்டது. உறைந்த டோஃபுவுக்குள் பனி இருந்த இடமெல்லாம் ஓட்டை. பனி உருகி, தண்ணீரைப் பிழிந்துவிட்டால் பஞ்சுதான். சாதா டோஃபு ஒரு மணி நேரம் குடிக்கிற குழம்பை இது பத்து நிமிஷத்தில் குடித்துவிடும். உடையாது, கரையாது, பல்லுக்குக் கறி மாதிரி கடிபடும்.

"டேய், பால் காய்ச்சற கொப்பரையப் பத்த வை. அதுல வெங்காயம் பட்டிருக்கா?"

"என் கொப்பரையில சோயாவத் தவிர ஒரு ஈகூட விழுந்ததில்லண்ணே."

"அப்பப் பத்த வைடா."

சுடுதண்ணீரில் போட்டு உருக்கினார்கள். இரண்டு பலகைக்கு நடுவே வைத்துத் தியன்சாயே மேலே ஏறி உட்கார்ந்தார். தண்ணீர் நாலா பக்கமும் பீய்ச்சியது. "உன் உடம்பு இன்னிக்குத்தான் பிரயோசனப்படுது," என்றான் சிங்போக். கொப்பரையில் எள்ளெண்ணெய் காய்ந்தது. இஞ்சி சுருண்டது. காளான் ஊறின தண்ணீரும் சாஸும் கல்கண்டும் விழுந்து கொதி வந்தது. பிழிந்த துண்டுகளைக் கொட்டினார்கள். அவை குழம்பில் அமுங்கி, கறுத்து, உப்பி மேலே வந்தன. தியன்சாய் ஒன்றை வாயில் போட்டார். சூடான குழம்பு கன்னத்துக்குள் பீறிட்டது. நாக்கு வெந்துவிட்டது, ஆனால் மனுஷன் துப்பவில்லை.

அந்த நேரத்தில் போன் அடித்தது.

"ஏங்க, பல்லக்கு நம்ம தெருவுக்கு வரல," என்றாள் பிக்ஹா. மூச்சு வாங்கியது. "பாலத்துக்கிட்ட மூணு தரம் முன்னயும் பின்னயும் ஆடிச்சு. அப்படியே திரும்பி வயக்காட்டு ரோட்டுல இறங்கிடுச்சு. நடக்கல, ஓடறாங்க. நான் பின்னாலதான் வர்றேன்."

மூன்றாவது வருஷமும் போச்சு என்றுதான் தியன்சாயின் முகம் இருந்தது. பிறகு சிங்போக்கின் மூன்று சக்கர வண்டியைப் பார்த்தார்.

"அது ஓடுமா?"

"காலைலதானே ஓட்டிட்டு வந்தேன்."

"கொப்பரைய ஏத்து."

"அண்ணே, அவங்க நிக்க மாட்டாங்க. ஓடிட்டே எப்படித் தின்னுவாங்க? ரெண்டு கையும் கம்புல."

"கைதானேடா கம்புல? வாய் சும்மாத்தான இருக்கு. நான் பதினோரு வருஷம் தூக்குனவன், எனக்குத் தெரியாதா?"

வரப்பை ஒட்டின மண் பாதையில் வண்டி குதித்துக் குதித்துப் போனது. தியன்சாய் பின்பக்கம் பார்த்து, கொப்பரையை இரண்டு காலாலும் அணைத்து உட்கார்ந்திருந்தார். கையில் நீளமான இடுக்கி. நடவு முடிந்த வயல்களுக்கு அந்தப் பக்கம் செந்நிறப் பல்லக்கின் கூரை தெரிந்தது. முரசுச் சத்தம் காதுக்கு வந்தது. பல்லக்கும் வண்டியும், மண் பாதை ரோட்டில் சேருகிற முனையை நோக்கி இரண்டு பக்கத்திலிருந்து வந்தன.

"மிதிடா," என்று கத்தினார்.

பல்லக்குக்குப் பத்தடி முன்னால் வண்டி ரோட்டில் ஏறியது. தூக்குகிறவர்கள் முகம் அவருக்கு நேராக இருந்தது. வேர்வை, தூசி, உலர்ந்த உதடு. முன்கம்பில் லாய்ஹோக். அவன் கால் போடுகிற விதத்தைப் பார்த்ததுமே தியன்சாய்க்குத் தெரிந்துவிட்டது. ஐந்தாம் நாள் தன் முழங்கால் மடங்குவதற்கு முன்னால் இப்படித்தான் பாதம் தரையைத் தேய்த்துக்கொண்டு போனது.

"லாய்ஹோக். வாயத் தொற."

"வழிய விடுடா கிறுக்கா. இடிச்சுடப் போறோம்."

"வாயத் தொறடாங்கறேன்."

சிங்போக் வேகத்தைக் குறைத்தான். இடைவெளி ஒரு கை தூரமானது. இடுக்கி நீண்டது. லாய்ஹோக் பல்லைக் கடித்துக்கொண்டு முறைத்தான். அப்போது குழம்பின் வாசம் அவன் மூக்கில் ஏறியது. முறைத்தபடியே வாயைத் திறந்தான்.

மென்றான். தாடை நின்றது. மறுபடி மென்றான். கண் சந்தேகத்தோடு சுருங்கியது.

"டேய், விரதத்தக் கெடுத்துட்டியா? இது கறிடா."

"உறைஞ்ச டோஃபுடா. அம்மா மேல சத்தியம். வெங்காயம் இல்ல, பூண்டு இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

லாய்ஹோக் விழுங்கினான். பிறகு, போன வருஷம் கிண்டலடித்த அதே வாயை, இன்னும் பெரிதாகத் திறந்தான்.

அதன் பிறகு கைக்கு ஓய்வில்லை. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. முன்னால் தூக்கினவர்கள் மென்றுகொண்டே தோள் மாற்றி விலக, பின்னால் இருந்தவர்கள் முன்னால் வந்து வாயைத் திறந்தார்கள். குழம்பு தாடியில் வழிந்தது, சட்டையில் வழிந்தது. வண்டிக்குப் பின்னால் ஜனங்கள் சிரித்துக்கொண்டே ஓடி வந்தார்கள். கூட்டத்தில் ஒரு கையில் போனும் ஒரு கையில் செருப்புமாக பிக்ஹா வருவதையும் தியன்சாய் பார்த்தார்.

திடீரென்று பல்லக்கு நின்றது.

கடை இல்லை, வீடு இல்லை, கோயில் இல்லை. இரண்டு பக்கமும் நாற்று. அப்படிப்பட்ட இடத்தில் அது நின்றதாக யாருக்கும் ஞாபகமில்லை. முரசுக்காரனும் கையை நிறுத்தினான். பல்லக்கைத் தாங்கு கட்டைமேல் இறக்கினார்கள்.

"என்னண்ணே, ஏன் நின்னுச்சு?" என்று சிங்போக் திரும்பிப் பார்த்தான்.

லாய்ஹோக் வாய் நிறைய வைத்துக்கொண்டு பதில் சொன்னான். "புள்ளைங்க நிதானமா மென்னு தின்னட்டும்னு அம்மா நிக்கிறாடா. நீ கிண்ணம் கொண்டாந்தியா இல்லியா?"

கிண்ணம் இல்லை. தியன்சாய் அவசரத்தில் அதை மறந்தே போயிருந்தார். தூக்குகிறவர்கள் தொப்பியைக் கழற்றி, தண்ணீர்ப் புட்டியின் மூடியைக் கழற்றி, கடைசியில் வெறும் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அவர் வண்டியிலிருந்து இறங்கினார். இடுப்பு வலித்தது. கொப்பரையின் அடியில் கரண்டி போட்டுத் துழாவி, முதல் உள்ளங்கையில் இரண்டு துண்டு வைத்தார்.