அப்பா படிக்கிறாங்க

இன்ஜினியர் என்று பெயர்தான். பிளானில் கையெழுத்துப் போட எனக்கு உரிமையில்லை. அதற்குப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும். துபாயைத் தாண்டி ராஸ் அல் கைமாவில் எங்களுக்கு இருந்தது ஒரே ரூம். பிளாட்டின் அடுத்த ரூமில் வேறொரு குடும்பம். வேறு எங்கே போய்ப் படிப்பது? சைட்டிலிருந்து வந்து குளித்ததும் கட்டிலில் புத்தகத்தை விரித்துவிடுவேன். கீழே பாயில் மகள் விளையாடுவாள். அவளுக்குப் பேச்சு வர ஆரம்பித்திருந்த வயது. வாயைத் திறந்தாலே மனைவி உதட்டில் விரலை வைத்து, "அப்பா படிக்கிறாங்க, மெதுவா" என்பாள். அப்படியும் சத்தம் வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

முதல் தடவை ஃபெயில். அடுத்த தடவையும் ஃபெயில். ஒருவழியாக நான் பாஸாவதற்குள் மகள் எல்.கே.ஜி. போய்விட்டாள்.

ஒருநாள் ஸ்கூலில் கூப்பிட்டார்கள். "பிள்ளைக்கு வாய் மட்டும்தான் அசையுது, சத்தமே வரல. காதை டெஸ்ட் பண்ணிப் பாருங்க" என்றார் டீச்சர். டாக்டர் காதையும் தொண்டையையும் பார்த்துவிட்டு ஒரு குறையுமில்லை என்றார். "வீட்ல நல்லா பேச விடுங்க" என்று வேறு சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது. யாரிடம் காட்டுவது?

வீட்டுக்கு வந்து அவளை மடியில் வைத்துக்கொண்டேன். "அப்பா படிச்சு முடிச்சாச்சும்மா. கலாஸ். இனிமே எவ்வளவு வேணும்னாலும் கத்து" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. அலமாரியில் கிடந்த புத்தகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவள் என் உதட்டின் மேல் விரலை வைத்தாள்.