ஆல்டர்னேட்டருக்குக் கட்டிய ரப்பர் மறைப்பு

பனமலைப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து எந்த மழையிலும் விழுப்புரத்துக்கு ஜீப் ஓட்டிக்கொண்டு போய்ச் சேருகிறவள் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரம் இரண்டு முறை விழுப்புரம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். தவறினால் மூச்சு முட்டும். ஏரி நிரம்பித் தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் ஓடும் நாட்களில் பஸ்ஸும் வராது, ஆட்டோவும் வராது. முன்பு அவர் ஆசையாக வாங்கி, காடு மேடெல்லாம் ஓட்டிய பழைய டீசல் ஜீப்தான் கதி.

அந்த வண்டியின் ஒரே நோவு ஆல்டர்னேட்டர். பேட்டரிக்கு கரண்ட் ஏற்றும் சாமான், சக்கரம் வாரியடிக்கும் சேறு நேராக வந்து விழும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. முதல் மழைக்கு, மகா புத்திசாலியாக, யூரியா சாக்கை நாலு சுற்று சுற்றி இறுக்கிக் கட்டினேன். காற்றுப் போக வழியில்லாமல் உள்ளே செம்புக் கம்பிச் சுருள் கருகிப்போனது. திண்டிவனத்தில் அதைப் பிரித்துப் பார்த்த எலக்ட்ரீஷியன் விழுந்து விழுந்து சிரித்தார்.

“இன்னாமா, குளிருதுன்னு கம்பளி போத்தி வுட்டியா?”

எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். பழைய டிராக்டர் டியூபை அறுத்து, அடியிலும் சக்கரத்தின் பக்கமும் மட்டும் மறைப்புக் கட்டினேன். பின்பக்கம் காற்றுக்குத் திறந்தே இருந்தது. தண்ணீரில் முதல் கியரில், அலை எழாமல் போவேன். வீடு திரும்பியதும் சேறு காய்வதற்குள் மெதுவாகக் கழுவிவிடுவேன். இரண்டு மழைக்காலம் ஒரு தொல்லையும் இல்லை.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு மறுவாரம் நல்ல மழை. பானெட்டைத் திறந்து பார்க்காமல் கிளம்பியது என் தப்பு. தரைப்பாலத்தில் பாதி போனபோது பேட்டரிக்குக் கரண்ட் ஏறவில்லை என்று சார்ஜ் விளக்கு சிவப்பாக எரிந்தது.

“திருப்பிடு. இன்னிக்கு வாணாம்,” என்றார் பக்கத்தில் இருந்த அவர்.

“சும்மா இருங்க. டீசல் வண்டி, ஆஃப் பண்ணாத வரைக்கும் ஓடும்.”

பேட்டரியை மிச்சம் பிடிக்க வைப்பரை நிறுத்தினேன். தலையை வெளியே நீட்டி, தொப்பலாக நனைந்துகொண்டே விழுப்புரம் வரை ஓட்டினேன். ஆஸ்பத்திரி வாசலில், தள்ளினால் கிளம்பும்படி சரிவு பார்த்து நிறுத்திவிட்டு பானெட்டைத் திறந்தேன். ரப்பர் மறைப்பைக் காணோம். ஆல்டர்னேட்டர்மேல் பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் சேற்றோடு ஒழுகிக்கொண்டிருந்தன.

“கழுவிப் பொட்டு வெக்கறதுக்கு நான்தான் கழட்டினேன்,” என்றார்.

“திரும்ப மாட்ட மறந்துட்டீங்களா?”

“மறக்கல.” பானெட்டை இழுத்து மூடினார். “வண்டி நின்னுட்டா, ஒருநாளாவது ஊசி இல்லாம வூட்ல படுத்துக்கினு இருக்கலாமேன்னுதான்.”

எனக்கு வந்த கோபத்துக்கு ஆஸ்பத்திரி வாசல் என்றும் பார்க்கவில்லை.

“இந்த வண்டிய நான் யாருக்காகங்க ஓட்டிக்கினு இருக்கேன்? நீங்க இல்லாத வூட்டுக்கு நான் எதுக்குத் திரும்பிப் போவணும்?”

கத்த ஆரம்பித்தது அழுகையில் முடிந்தது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்த்தார்கள்; பார்க்கட்டும்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் ஈரத் தலையைத் துவட்டினார். பிறகு எனக்கு முன்னால் உள்ளே நடந்தார். நர்சு கூப்பிடுவதற்குள் கட்டிலில் ஏறிப் படுத்து, சட்டைக்கையை மேலே சுருட்டி ஊசிக்குக் கையை நீட்டினார்.