தம்பிஐயாவின் செப்பு வாசர்

சுன்னாகம் சந்தைக்கு முன்னால் வாடகைக் கார் ஓடிய தம்பிஐயா, தன்னுடைய எந்தப் பொருளையும் அடையாளம் போடாமல் வைத்திருந்ததில்லை. கிணற்று வாளி, மண்வெட்டி, சைக்கிள் பம்ப், காரைத் தூக்கும் ஜக், பற்றரி மூடி, எல்லாவற்றிலும் இரண்டு வெட்டு இருக்கும். ஒன்று நீளம், மற்றது அதில் பாதி. முக்கோண அரத்தின் விளிம்பால் அவரே போட்டவை. அதை யாருக்கும் காட்டமாட்டார். தெரிந்தால் களவெடுப்பவன் முதலில் அதைத்தான் அழிப்பான் என்று நினைத்தார்.

மனைவி இரத்தினம்மாவுக்கு மட்டும் தெரியும். "என்னிலையும் எங்கையாவது வெட்டி வைச்சிருக்கிறியளோ?" என்று ஒருநாள் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை.

அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. சண்டையால் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவதில்லை. தம்பிஐயாவின் பழைய ஒஸ்ரின் காரும் மற்றக் கார்களைப் போலச் சில சொட்டுப் பெற்றோலில் உயிர் பிடித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடியது. மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாத மிச்சம் கீழே இறங்கி, எஞ்சினுக்கு அடியிலுள்ள தொட்டியில் எண்ணெயுடன் கலந்து அதைத் தண்ணீராக்கிவிடும். ஆகவே எண்ணெயை அடிக்கடி மாற்றவேண்டும். மாற்ற எண்ணெயும் வருவதில்லை. வடித்ததையே தெளியவைத்து, சீலையில் அரித்து, திரும்ப விடுவார்கள்.

தம்பிஐயாவிடம் மட்டும் சண்டைக்கு முந்திய காலத்து எண்ணெய் ஒரு கலன் இருந்தது. மூடி உடைக்காத தகரம். வைக்கோல் போருக்குள் இரண்டு வருடம் கிடந்தது. எஞ்சின் தட்டத் தொடங்கியபோதுதான் அதை வெளியே எடுக்க மனம் வைத்தார். இதுவும் போனால் வேறு இல்லை. எண்ணெய் இல்லாமல் எஞ்சின் இறுகிப்போய்க் கோழி அடையும் கூடாகிவிட்ட கார்கள் ஊரில் ஏற்கெனவே நின்றன. அவருடைய வீட்டின் உலை அந்தக் காரில்தான் கொதித்தது.

எண்ணெய் மாற்ற அவர் போனது சிமியோனிடம். சிமியோன் குருநகரில் வள்ளங்களின் எஞ்சின் திருத்தியவன். தொண்ணூறில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து வந்து, ரயில் வராத ஸ்ரேஷன் வீதியில் கிடுகுக் கொட்டிலில் கராச் போட்டிருந்தான். கூட வேலை செய்தவன் அவன் மனைவியின் தமையன் பிலிப்பு. வார்த்தை குறைந்த, நாற்பது கடந்த மனிதன்.

சிமியோனின் வேலைமுறை மெதுவானது. தொட்டியின் அடியாணியைக் கழற்றினால், பழைய எண்ணெய் கடைசிச் சொட்டுவரை இறங்க ஒரு பகலும் இரவும் விடுவான். ஆணியின் கழுத்தில் சில்லறைக் காசளவில் ஒரு செப்பு வளையம் இருக்கும். அதுதான் வாசர். எண்ணெய் கசியாமல் காப்பது அதுவே. ஒருமுறை இறுக்கினால் நசிந்து கடினமாகிவிடும். அப்படியே திரும்பப் பூட்டினால் ஒழுகும். புதிதும் கிடையாது. அதனால் சிரட்டைக்கரி நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவான். செம்பு மறுபடி இளகும். பிறகு கண்ணாடித் துண்டில் எமரித்தாளை விரித்து இரண்டு முகத்தையும் தேய்ப்பான். தேய்த்ததைக் கம்பியில் கோத்து, கார் நம்பர் எழுதிய தகட்டோடு கொட்டிலைத் தாங்கும் கப்பில் தூக்குவான்.

அன்று கம்பியில் இரண்டு வாசர் தொங்கின. மற்றது வெங்காய வியாபாரி செல்வரட்ணத்தின் காருடையது. அதுவும் ஒஸ்ரின்தான்.

"இது என்ரை காரின்ரை எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார் தம்பிஐயா.

"தகட்டிலை நம்பர் கிடக்கு, அண்ணை."

"தகட்டிலை கிடக்கு. வாசரிலை இல்லையே?"

"வாசருக்கு ஞானஸ்நானம் குடுத்துப் பேர் வைக்கச் சொல்லுறியளோ?" என்றான் சிமியோன். பிலிப்புகூடச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு தம்பிஐயாவுக்குப் பிடிக்கவில்லை. தன்னுடைய வாசர் தடிப்பு, செல்வரட்ணத்தினுடையது தேய்ந்து மெலிந்தது என்று அவர் கண்ணுக்குப் பட்டது. வியாபாரிக்கு வேண்டியவர்கள் அதிகம். மாற்றிப் போட எவ்வளவு நேரமாகும்? சிமியோன் தண்ணீர் அள்ளவும் பிலிப்பு கரி வாங்கவும் போன நேரத்தில், மேசையிலிருந்த அரத்தை எடுத்தார். விளிம்பில் வெட்டினால் கண்ணுக்குத் தெரியாது என்று தன் வாசரின் முகத்திலேயே ஆழமாக இரண்டு வெட்டு. ஒன்று நீளம், மற்றது பாதி. திரும்பக் கொளுவிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் காலையிலேயே போய் நின்று பார்க்கத்தான் இருந்தார். ஆனால் கோப்பாயில் ஒரு செத்தவீடு. எண்ணெய்த் தகரத்தைக் காவிக்கொண்டு கராச்சுக்கு வந்தபோது மத்தியானம்.

"பூட்டியாச்சு, அண்ணை. எண்ணெயை விடுங்கோ" என்றான் பிலிப்பு, காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தபடி.

கழற்றிக் காட்டு என்று கேட்டால் அடையாளத்தைச் சொல்லவேண்டும். தம்பிஐயா தகரத்தின் மூடியை உடைத்து எண்ணெயை விட்டார்.

இரண்டாம் நாள் காருக்குக் கீழே விரித்துவைத்த பேப்பரில் ஒரு சொட்டு. மூன்றாம் நாள் உள்ளங்கை அகலம். அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தார். எண்ணெய் ஒரு விரல் இறங்கியிருந்தது.

"மாத்திப்போட்டாங்கள்" என்றார்.

"போய்க் கேளுங்கோவன்" என்றாள் இரத்தினம்மா.

"கேட்டால் ஓம் எண்டு சொல்லுவாங்களே? முதல்லை அத்தாட்சி வேணும்."

அத்தாட்சி தேடிச் சந்தைக்குப் போனார். வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் செல்வரட்ணத்தின் கார் நின்றது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மல்லாந்து அதன் அடியில் புகுந்தார். ஆணியைச் சுற்றி விரலால் தடவினார். துளி ஈரமில்லை.

"தம்பிஐயாண்ணை, உங்கடை காரை மறந்துபோனியளோ?" செல்வரட்ணத்தின் குரல். வெளியே தெரிந்த கால்களை வைத்தே வியாபாரி ஆளைப் பிடித்துவிட்டார்.

"ஏதோ ஒழுகிற மாதிரிக் கிடந்துது. பாத்தனான்."

"ஒழுகுதோ?"

"இல்லை" என்றார் தம்பிஐயா. அந்தச் சொல் அவர் வாயில் கசந்தது.

தன் காரோடு நேரே கராச்சுக்குப் போனார். "சிமியோன், என்ரை வாசர் எங்கை?"

"உங்கடை காரிலை."

"என்ரை காரிலை கிடக்கிறது ஒழுகுது. செல்வரட்ணத்தின்ரை ஒழுகேல்லை. இதுக்கு என்ன சொல்லுறீர்?"

சிமியோன் கோபப்படவில்லை. கழுவிய பேசின் ஒன்றைக் காருக்கு அடியில் வைத்து, ஆணியைக் கழற்றி, எண்ணெயை ஒரு துளி சிந்தாமல் பிடித்தான். வாசரைத் துடைத்துத் தம்பிஐயாவின் உள்ளங்கையில் வைத்தான். "நீங்களே பாருங்கோ."

இரண்டு வெட்டு. ஒன்று நீளம், மற்றது பாதி. அவருடையதுதான். தம்பிஐயாவுக்கு மூச்சு வந்தது.

"நில்லுங்கோ. உதென்ன?" சிமியோன் வாசரை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்தான். நீள வெட்டு உள் விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை ஓடியிருந்தது. அதற்குள் எண்ணெய் கறுத்து நின்றது, தோட்டத்து வாய்க்காலில் தண்ணீர் நிற்பதுபோல. "இதாலைதான் போயிருக்கு. நான் கண்ணாடி மாதிரித் தேய்ச்சு வைச்சனான். மச்சான், இஞ்சை வா! உதை ஆர் வெட்டினது?"

பிலிப்பு பார்த்தான். "நான் வெட்டேல்லை, மச்சான்."

"பூட்டினது நீ. கடைசியாத் தொட்ட கை உன்ரை."

"முகத்தைத் தடவிப் பாக்காமல் பூட்டினது பிழைதான். வெட்டினது நானில்லை."

"கொட்டிலுக்கை நானும் நீயும்தான். என்ரை கையை நம்பி ஆழக்கடலுக்குப் போனவங்கள், தெரியுமோ? நாளைக்கு நீ இஞ்சை வரவேண்டாம்."

இருவரும் சேர்ந்து நடிக்கிறார்களோ என்றுதான் தம்பிஐயாவுக்கு முதலில் தோன்றியது. தன் வாயைக் கிண்டப் பார்க்கிறார்கள். பிலிப்பு கையைத் துடைத்தான். ஆணி கழற்றும் சாவிகளை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் மாட்டினான். சைக்கிளை ஸ்ராண்டிலிருந்து எடுத்தான். படலையைத் தாண்டி முன்சில்லு வீதியில் இறங்கியது. நடிப்பவன் அவ்வளவு தூரம் போகமாட்டான்.

"அது நான்" என்றார் தம்பிஐயா.

"என்ன?"

"வெட்டினது நான்."

சிமியோன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "மச்சானிலை இரக்கப்பட்டுச் சொல்லுறியள். உள்ள ஒரு கலன் எண்ணெயை ஆராவது தானே ஒழுக விடுவினமோ?"

"உண்மையாத்தான் சொல்லுறன்."

"நான் நம்பமாட்டன், அண்ணை."

வாழ்நாளில் தம்பிஐயா பலருக்குச் சொன்ன வசனம் அது. அவருக்கு யாரும் சொன்னதில்லை. காரின் பின்பக்கத்துக்கு நடந்தார். பிறகு டிக்கியைத் திறந்தார். ஜக்கை எடுத்துப் புரட்டிக் காட்டினார். உதிரிச் சில்லைக் காட்டினார். பொனற்றைத் தூக்கிப் பற்றரி மூடியைக் காட்டினார். எங்கும் அதே இரண்டு வெட்டு.

பிலிப்பு சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தான். "அண்ணை, ஸ்ரியறிங்கிலையும் கிடக்கோ?"

"கீழ்ப்பக்கம்" என்றார் தம்பிஐயா.

சிமியோன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தான். பிறகு மைத்துனனின் தோளில் கையை வைத்து, "கரியை மூட்டு, மச்சான்" என்றான். கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான். பிலிப்பு துருத்தியை எடுத்தான்.

வெட்டு ஆழம். எமரித்தாளில் தேய்த்து அழிக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது. வாசர் மெலிந்துபோனது. "சுத்திவரக் கீறியிருந்தாலும் ஒழுகாது. விளிம்பிலை வெட்டியிருந்தாலும் ஒழுகாது. உள்ளையிருந்து வெளியாலை கீறினால்தான் எண்ணெய்க்கு வழி" என்று சொல்லிக்கொண்டே சிமியோன் அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டான். எடுத்துத் துடைத்து, அரத்தோடு சேர்த்து நீட்டினான். "வேணுமெண்டால் விளிம்பிலை போடுங்கோ."

தம்பிஐயா அரத்தை வாங்கினார். வாசரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிலிப்பு ஆணியோடு காத்துநின்றான். அரத்தை மேசையில் வைத்துவிட்டு வாசரை அவனிடம் கொடுத்தார். பிலிப்பு அதன் இரண்டு முகத்தையும் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பூட்டினான்.

அடுத்த நாள் பேப்பர் காய்ந்திருந்தது. அதற்கடுத்த நாளும். ஆனாலும் பேப்பர் விரிப்பதை அவர் விடவில்லை.

அடுத்தமுறை எண்ணெயை வடித்து அரிக்கும் காலம் வந்தபோது, வாசர் கம்பியில் ஏறியதும், "தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று தம்பிஐயா தானாகவே எழும்பிப் போனார். சிமியோனுக்கு அது ஆச்சரியம். எதிர்க்கடையில் உட்கார மூன்று வாங்கு இருந்தன. கராச்சின் கப்பு நேராகத் தெரியும் வாங்கில் இடமில்லை. அது காலியாகும்வரை அவர் நின்றுகொண்டே தேத்தண்ணீர் குடித்தார்.