எட்டு ஜாக்கியில் எழுந்த வீடு

பஸ் டிப்போவில் அவளுக்குப் பெயரே ஜாக்கியக்கா. வயதில் பாதியைப் பேருந்துகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்தே கழித்த மெக்கானிக். கணவன், இரண்டு பெண்கள், மாமனாரோடு குடியிருப்பு, பட்டாளத்தார் விட்டுப்போன தகரக் கொட்டகை ஒன்றில். பீப்பாயை நெடுக்கில் அறுத்துக் கவிழ்த்தது போல, சுவரும் கூரையும் ஒரே வளைவு. நடுவில் ராஜநடை போடலாம். ஓரத்துக்குப் போனால் தகரம் தலையில் குட்டும். அங்கே பீரோவை எப்படிச் சுவரோடு ஒட்டி வைப்பது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

கொட்டகைகளை நிரந்தர வீடுகளாகப் பதிந்து கொடுக்க ஒருநாள் அதிகாரி டேப்போடு வந்தார். ஆள் நிமிர்ந்து நிற்க முடிகிற தரைதான் கணக்கு என்று சொல்லி, இரு பக்கமும் சாக்பீஸால் கோடு கிழித்தார். மாமனாரின் கட்டில் கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

"நாலு பேருக்குத்தான் இடம் வருதும்மா. பெரியவரை முதியோர் இல்லத்துல சேத்துடுங்க. அடுத்த மாசம் வந்து பாப்பேன்."

மறுநாள் காலையில் மாமனார் சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். "நானே போயிடறேம்மா. பொண்ணுங்க ரெண்டும் படிக்கிற வயசு."

அவளுக்குச் சுருக்கென்றது. கூடவே கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. "பையைக் கீழ வைங்க மாமா! பத்து டன் பஸ்ஸைத் தூக்கறவ நான். இந்தத் தகர டப்பா எம்மாத்திரம்?"

வாய்வீம்புக்குச் சொன்னதுதான். சொல்லி முடித்த பிறகே, அட, செய்யலாமே என்று உறைத்தது. கொட்டகையைத் தரையோடு பிடித்திருந்தவை வெறும் போல்ட்டுகள்தான்; வளைவை அப்படியே தூக்கினால் ஓரமும் ஆள் உயரத்துக்கு வந்துவிடும்.

ஃபோர்மேனின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஞாயிறன்று எட்டு ஜாக்கிகள் கொண்டுவந்தாள். போல்ட்டுகளைக் கழற்றினாள். ஜாக்கிக்கு ஒருவராக அக்கம்பக்கத்தார் குந்தினார்கள். அவள் விசிலடித்தால் எல்லோரும் ஒரே ஒரு சுற்று. ஒரு மூலை முந்தினாலும் தகரம் முறுக்கிக்கொண்டு பிய்ந்துவிடும். அவள் கணவன் எதிர்வீட்டு வாசலில் நின்று நகத்தைக் கடித்துத் துப்பினான்.

"என்ன மாப்ள, பொண்டாட்டி வீட்டையே தூக்கிட்டா!" என்று கிண்டலடித்த கொத்தனார், கை ஓயாமல் கீழே செங்கல் அடுக்கினார். பொழுது சாய்வதற்குள் வீடு இரண்டடி உயர்ந்து நின்றது.

திரும்பி வந்த அதிகாரி வாசலிலேயே திகைத்துப்போனார். "இனி தெரு முழுக்க இதையே ஆரம்பிச்சுடுவீங்களே!" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்தார். "பெரியவங்க யாராவது ஓரத்துல நில்லுங்க."

மாமனார் கட்டிலை இழுத்துவிட்டு, அது கிடந்த இடத்தில் போய் நின்றார். வழக்கம்போல் குனிந்தே நின்றவர், மேலே ஒரு கையை நீட்டித் தடவிப் பார்த்தார். பிறகு மெல்ல மெல்ல நிமிர்ந்தார். தலைக்கும் தகரத்துக்கும் நடுவே இன்னும் மூன்று விரல் இடம் இருந்தது.

"ஆறு பேருக்கே பதியலாம்" என்றார் அதிகாரி.

அது ஜாக்கியக்காவின் காதில் விழவில்லை. கல்யாணமாகி இந்தக் கொட்டகைக்கு வந்த பன்னிரண்டு வருடமாக, வயதாகி மாமனாருக்குக் கூன் விழுந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள். மனிதர் தன் மகனைவிட ஒரு சாண் உயரம்.

"என்னம்மா அப்படிப் பாக்கறே?"

"ஒண்ணுமில்ல மாமா. கொஞ்ச நேரம் அப்படியே நில்லுங்க."