விண்கலம் இறங்கிய பொங்கல்

என் மனைவியின் மார்பில் ஒரு கட்டி இருந்தது. அதில் ஊசி போட்டுத் திசு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிய கையோடு பொங்கல் விடுமுறை வந்துவிட்டது. "லீவு முடிஞ்சி வாங்க, ரிசல்ட் சொல்றோம்" என்று பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கோவில்பதாகைக்குத் திரும்பும் வழியில் அவள் ஒவ்வொரு கரும்பாகக் கணு பார்த்து, நிதானமாகப் பொறுக்கி எடுத்தாள். பக்கத்தில் நின்ற எனக்கு எரிச்சல்தான் வந்தது.

எனக்கு வானசாஸ்திரப் பைத்தியம் உண்டு. சனிக்கிரகத்தைச் சுற்றும் டைட்டன் என்ற நிலாவில், ஏழு வருஷம் பயணம் செய்த ஒரு விண்கலம் சரியாகப் பொங்கலன்று இறங்குவதாக இருந்தது. வேறு சமயமாக இருந்தால் ஃபாக்டரியில் ஒருவரையும் விடாமல் பிடித்துவைத்துச் சொல்லியிருப்பேன். அந்த வருஷம் வீட்டில் மட்டும்தான் பேசினேன். கட்டியைப் பற்றிப் பேசாமல் இருக்க எனக்கு வேறு பேச்சு வேண்டியிருந்தது.

"பொங்கலும் அதுவுமா சனி பேச்சை எடுக்கறியே" என்றாள். "அவனா வந்து புடிச்சாலே தாங்க முடியல. இவங்க இன்னாத்துக்கு அவன் ஊட்டுக்கே போறாங்க?"

"சனிக்கு இல்லமே, அதோட நிலாவுக்கு."

"அதுவும் அவன் ஊடுதானே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த நாட்களெல்லாம் இப்படியேதான் இருந்தாள். மாவு அரைத்தாள், வாசல் நிறையக் கோலம் போட்டாள், குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டைகூடப் போட்டாள். சோறு இறங்காமல் திரிந்தவன் நான்தான். இவளுக்குக் கொஞ்சம்கூடப் பயமில்லையா என்று அவள்மேல் கோபமே வந்தது.

பொங்கல் சாயங்காலம் செய்திச் சேனலைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். "இந்நேரம் எறங்கியிருக்கும்" என்றேன்.

"டிவில ஒன்னும் சொல்லலியே?"

"அவ்ளோ தூரத்துலருந்து சிக்னல் வரணும்ல. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும்."

கரும்பு சீவிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. "அப்ப நல்லா எறங்கிச்சோ ஒடஞ்சிச்சோ, அங்க முடிஞ்சி போச்சி. இங்க கீறவங்களுக்குத்தான் தெரில."

"ஆமா."

"என் கதையும் அப்டித்தான்யா. உள்ள கீறது இன்னான்னு எப்பவோ முடிவாயிடுச்சி. நமக்குத்தான் இன்னும் சேதி வரல. அதுக்கு நீ ஏன் துன்னாம கீற?"

அந்த வீட்டில் அந்தப் பேச்சு அப்போதுதான் முதல்முறையாக எழுந்தது. அவள் எழுந்து போய்த் தட்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்து, மேலே நெய் ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். கண்ணில் நீர் வழிய வழியச் சாப்பிட்டேன். அவள் பார்க்காத மாதிரி டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் விண்கலம் பத்திரமாக இறங்கிய செய்தி வந்தது.

மறுநாள் அது அனுப்பிய படத்தைக் காட்டினார்கள். ஆரஞ்சு நிறத் தரையில் உருண்டையாகக் கற்கள் கிடந்தன. "கூழாங்கல்லு பாக்கவா ஏழு வருஷம் போனாங்க?" என்றாள்.

விடுமுறை முடிந்து பூந்தமல்லிக்குப் போனோம். "ஒன்னும் இல்லம்மா, சாதாரணக் கட்டிதான். பயப்பட வேணாம்" என்றார் டாக்டர். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. அவள் தலையாட்டிவிட்டு, தண்ணிக்குடம் தூக்கலாமா என்று மட்டும் கேட்டாள்.

ஆவடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பருத்திப்பட்டு வருவதற்குள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் ஒன்றும் கேட்காமல் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

"ஒன்னும் இல்லன்னுட்டாரேமே. இப்ப எதுக்கு அழுவுற?"

"இப்பதான்யா அழ முடியுது" என்றாள். "அப்பவே நான் அழுதிருந்தா உன்ன யாரு பாத்துக்கறது?"